குறி தப்பாத ஐயா

நம் போலீஸ் படங்களில் நடிகருக்கு விருது உண்டு, ஸ்டண்ட் மாஸ்டருக்கு உண்டு, பின்னணி இசைக்கும் உண்டு. படம் முழுக்க மாடாய் உழைக்கும் கைத்துப்பாக்கிக்கு ஒரு பொன்னாடைகூட யாரும் போர்த்தியதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தப் பாராட்டுரை.

முதலில் அதன் கொடைத்தன்மை. கிளாக் 17 பிஸ்டலின் வழக்கமான மேகசினில் 17 தோட்டாக்கள் கொள்ளும். கதாநாயகன் கைக்குப் போனால் கணக்கே கிடையாது. கொடௌன் நிறைய அடியாட்களைச் சுட்டுத் தீர்த்த பிறகும் மிச்சம் இருக்கும். வசனம் பேச அவகாசம் தேவைப்பட்டால்தான் மேகசின் மாற்றுவார். வில்லனின் துப்பாக்கிக்கு இந்த வரம் இல்லை. கதாநாயகனின் நெற்றிக்கு நேராக நீட்டும்போது சரியாக ‘க்ளிக்’ என்று தீர்ந்துபோகும். தர்மம் யார் பக்கம் என்று இரும்புக்கே தெரிந்திருக்கிறது!

அடுத்து சங்கீத ஞானம். கிளாக்கில் விரலால் பின்னுக்கு இழுக்கும் சுத்தியல் வெளியே கிடையாது. ஆனாலும் குற்றவாளியின் பொட்டில் வைத்ததும் அது இழுபடும் ஓசை தியேட்டரை நிறைக்கும். இல்லாத உறுப்பிலிருந்து நாதம் எழுப்ப எல்லோராலும் முடியுமா? சைலன்சர் மாட்டினாலோ வெறும் ‘புஸ்’தான். நிஜத்தில் வெடியோசை 160 டெசிபலைத் தொடும். சைலன்சர் அதில் சுமார் 30 குறைத்தாலும் மிச்சம் தெருவையே எழுப்பிவிடும். திரைத் துப்பாக்கி அக்கம்பக்கத்தார் தூக்கத்தைக் கெடுக்காத நல்ல பண்பு உடையது.

பௌதிகம் அதன் காலில் விழுந்து கிடக்கிறது. 9 மி.மீ. தோட்டாவின் எடை சுமார் 8 கிராம். வேகம் நொடிக்கு 350 மீட்டர் அளவு. கணக்குப் போட்டால் அது 70 கிலோ ஆளைத் தள்ளும் வேகம் நொடிக்கு 4 சென்டிமீட்டர். அதாவது, நின்ற இடத்திலேயே சரிவார். நம் அடியாளோ பத்தடி பறந்து, கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு விழுகிறார். அதே விசை சுட்டவரையும் பின்னுக்குத் தள்ள வேண்டுமே என்று நியூட்டன் கேட்கலாம். கதாநாயகனின் கூலிங் கிளாஸ்கூட அசையாது.

இவையெல்லாம் சில்லறைச் சாமர்த்தியங்கள். இந்த ஐயாவின் உண்மையான பெருமை நிர்வாகத் திறமையில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை, சாட்சி, குற்றப்பத்திரிகை, ஜாமீன், வாய்தா என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலையை விசையில் விரல் வைத்து ஒரு நொடியில் முடித்துவிடுகிறார். 2003-ல் ‘காக்க காக்க’ காலத்திலேயே என்கவுன்ட்டருக்கு ஒரு மிடுக்கு கொடுத்தவர். 2017-ல் ‘விக்ரம் வேதா’வில், ஆயுதமில்லாமல் செத்தவனிடம் ஆயுதம் இருந்ததாகச் சோடிக்கும் கைவேலையையும் ஒளிவுமறைவில்லாமல் காட்டினார். செத்தவனுக்கும் ஆயுத தானம்! கர்ணனுக்குக்கூட இது தோன்றவில்லை.

உச்ச நீதிமன்றத்துக்குத்தான் இந்த அருமை புரியவில்லை. என்கவுன்ட்டர் சாவுகளுக்காக 2014-ல் 16 நெறிமுறைகளை வகுத்தது. வழக்குப் பதிய வேண்டுமாம், சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்தாரோ விசாரிக்க வேண்டுமாம். சுட்ட துப்பாக்கியைத் தடய அறிவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டுமாம். சம்பவம் முடிந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாதாம். திரைத் துப்பாக்கியை இப்படி ஒப்படைத்தால் இரண்டாம் பாகம் எடுப்பது எப்படி? அதனால் அது புகையை ஊதிவிட்டு, இடுப்பில் செருகப்பட்டு, ஸ்லோமோஷனில் நடந்து போய்விடுகிறது.

குலத்துக்கு ஒரு களங்கமும் வந்தது. 2024-ல் ‘வேட்டையன்’ படத்தில் குற்றமற்ற ஒருவரைச் சுட்டுவிட்டு, கதாநாயகனே கலங்கி நின்றார். நல்லவேளை, சுடும்வரைக்கும் விசிலுக்குக் குறைவில்லை. மனசாட்சி அதற்குப் பிறகுதான் வந்தது. மற்றபடி குறி தப்புவதில்லை. தப்பவும் முடியாது. சுடப்படுகிறவர் கொடியவர்தான் என்று முதல் ரீலிலேயே நமக்குக் காட்டியாகிவிட்டதே!

தியேட்டருக்கு வெளியே இருக்கும் துப்பாக்கிகளை நினைத்தால்தான் பரிதாபமாக இருக்கிறது. யார் குற்றவாளி என்று அவற்றுக்கு யாரும் முன்கூட்டிக் காட்டுவதில்லை. ஆனால் அவையும் சும்மா இருக்கவில்லை, மூத்தவரைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. அதிகாலை, ஆள் நடமாட்டமில்லாத இடம், தப்பியோட முயற்சி, அரிவாள் வீச்சு, ஆய்வாளருக்குக் கையில் லேசான காயம், தற்காப்புக்காக இரண்டு ரவுண்டு என்று அடுத்தநாள் செய்தி வரும்போது திரைக்கதை எவ்வளவு கச்சிதம்! விசிலடிக்க நாம் இருக்கிறோம். விசாரிக்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.