கூடாரப் பிரியர்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் இவர் ஒரு தனி ரகம். லாட்ஜ் என்றாலே முகம் சுளிப்பார். "நாலு சுவத்துக்குள்ள படுக்கவா சார் இவ்ளோ தூரம் வந்தோம்?" ஊருக்கு வெளியே சவுக்குத் தோப்போரம் கூடாரம் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கூடாரம், காற்றடைத்த மெத்தை, மடக்கு நாற்காலி, தலையில் மாட்டும் விளக்கு என்று வாங்கிக் குவித்த காசுக்குக் கடலைப் பார்த்த அறையிலேயே ஒரு வாரம் கால் நீட்டிப் படுத்திருக்கலாம். இந்தக் கணக்கை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

டேனிஷ்காரர்கள் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். நம்மவருக்கு ஒப்பந்தம் தோப்புக்காரரோடு. குப்பை போடக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது. இரண்டாவது ஷரத்தைக் கேட்டதும், மசாலா தடவி எடுத்து வந்த கோழியை நினைத்து அவர் முகம் விழுந்துவிடும்.

இடம் பார்ப்பதிலும் ஒரு பிடிவாதம். அலைச் சத்தம் காதிலேயே விழ வேண்டுமாம். மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்துக் கருங்கல் கட்டடம். அதன் முன்பக்கத்தையே விழுங்கிய கடல் இது. அந்தக் கடலின் வாயருகே இவர் நைலான் துணியோடு போய்ப் படுக்கிறேன் என்கிறார்.

முளையை அடித்தால் மணலில் சுகமாக இறங்கும். கயிற்றை இழுத்தால் அதைவிடச் சுகமாக வெளியே வரும். கடற்காற்றில் கூடாரம் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். வலை பின்னிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கடைசியில் எழுந்து வருவார். "தம்பி, மணல்ல முளை நிக்காது. சாக்குல மண்ணை ரொப்பி, கயித்தக் கட்டி, முழங்கை ஆழம் பொதைச்சிடுங்க." புதைத்ததும் கூடாரம் அசையாமல் நிற்கும். சாயங்காலம் முகநூலில் 'மணலில் கூடாரம் அடிக்கும் என் உத்தி' என்று பதிவு வரும். பெரியவர் அதில் இருக்கமாட்டார்.

ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்போது என்கிறீர்களா? கழிப்பறைக்குப் போகிற வழியில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் முடிந்துவிடும். தண்ணீர் கேன் வாங்கப் போகையில் 1792-ஆம் வருடத்து நகரவாயில். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற டீக்கடையில் உட்கார்ந்தால், 1706-இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்க் தமிழில் அச்சடித்த கதையைக் கடைக்காரருக்கே விளக்குவார். கடைக்காரரோ பிறந்ததிலிருந்து ஊரிலுள்ள சீகன்பால்க் சிலையைப் பார்த்து வளர்ந்தவர். "சார்ஜ் ஏறிடுச்சு சார்" என்று மட்டும் சொல்வார். அதே போனில் உடனே ஒரு ஸ்டேட்டஸ்: 'மின்சாரமில்லா வாழ்க்கை.'

வீட்டம்மா விவரமானவர். "நீங்க இயற்கையோட இருங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு காரைக்காலில் ரூம் போட்டிருப்பார். ராத்திரி பத்து மணிக்கு மேல், கொசுக்கள் கூட்டம் கூட்டியபிறகு, போன் வரும்.

"அங்க ஏசி வேலை செய்யுதா? சும்மாதான் கேட்டேன்."

"எக்ஸ்ட்ரா பெட் சாயங்காலமே சொல்லி வெச்சாச்சு. மணலை உதறிட்டு வாங்க."