முதலை பார்த்துக்கொண்டிருக்கிறது

எழுபதுகளில் அப்பா எங்களைச் செம்பூரிலிருந்து பவாய் ஏரிக்கு மீன் பிடிக்கக் கூட்டிப்போவார். ஞாயிற்றுக்கிழமை காலை பெஸ்ட் பஸ், இரண்டு தூண்டில், ஒரு டப்பா பிசைந்த கோதுமை மாவு, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் மட்டும் அம்மா போட்ட நிபந்தனை.

எங்களுக்கு விளையாட்டுக் காட்ட அப்பா எதையும் எடுத்து வந்ததில்லை. மாவை உருட்டச் சொல்வார், சுண்டைக்காய் அளவுக்கு. நான் உருட்ட, தம்பி பாதியைத் தின்பான். மாவு தீர்ந்தால் தக்கையைப் பார்க்கிற வேலை. தக்கை என்பது பழைய ஹவாய் செருப்பில் அறுத்த துண்டு. அரை மணி நேரம் அதையே பார்த்தால், அசைவது அதுவா நாமா என்றே தெரியாது. சலித்துப்போய்க் கல் பொறுக்க ஆரம்பித்தால் அப்பா தலையைத் திருப்பாமலே சொல்வார்: "ஏலே, அசையாம இரி. முதலை பாத்துக்கிட்டு இருக்கு."

அவ்வளவுதான், ஒரு மணி நேரத்துக்கு நாங்கள் சிலை.

பம்பாய்க்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று 1891-இல் அணை கட்டி முடித்து, தண்ணீர் வாயில் வைக்க லாயக்கில்லை என்று கைவிட்ட ஏரி அது. அதில் முதலையா என்று வளர்ந்தபின் சிரித்திருக்கிறேன். பிறகு ஒருநாள் பேப்பரில் படம் வந்தது, கரையில் வெயில் காய்ந்துகொண்டு, வாயைப் பிளந்தபடி. அந்த விஷயத்தில் அப்பா பொய் சொல்லவில்லை. நூலை அறுத்துக்கொண்டு போன பத்து கிலோ கட்லா விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். வீடு வந்து சேர்ந்ததெல்லாம் உள்ளங்கை அகல ஜிலேபிதான்.

மகன் இப்போது டொரான்டோவில். பிப்ரவரியில் குடும்ப தின விடுமுறையை ஒட்டி ஒண்டாரியோவில் லைசென்ஸ் இல்லாமலே தூண்டில் போடலாமாம். பேரனோடு சிம்கோ ஏரிக்குப் போயிருந்தான். ஏரி என்றால் மேலே நடக்கலாம், உறைந்து கிடக்கிறது. பனிக்கட்டியில் துளை போட்டு, அதன்மேல் கூடாரம். உள்ளே ஹீட்டர், மடக்கு நாற்காலி, நூடுல்ஸ், டேப்லெட், டேப்லெட்டுக்கு உயிர் கொடுக்க பவர் பேங்க். மீன் வருவதைக் காட்ட ஒரு சோனார் கருவி வேறு. ஆக, ஒரு திரையைப் பார்க்கும் பிள்ளை, பக்கத்தில் இன்னொரு திரையைப் பார்க்கும் அப்பன்.

வீடியோ காலில் கூப்பிட்டார்கள். அங்கே காலை ஒன்பது, இங்கே ராத்திரி ஏழரை. பேரன் டேப்லெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கூடாரத்தை உதைத்துக்கொண்டிருந்தான். "அப்பா, இவனை என்ன பண்றது?" என்றான் மகன்.

போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"தாத்தா, இந்த ஓட்டைக்குள்ள என்ன இருக்கு?"

"முதலை. அசையாம இரு, பாத்துக்கிட்டு இருக்கு."

ஏழு நிமிஷம் அசையவில்லை. எட்டாவது நிமிஷம் டேப்லெட்டை எடுத்து, பனிக்கட்டிக்கு அடியில் முதலை இருக்குமா என்று அதையே கேட்டுவிட்டான்.