தலையுதறல் இயல்: மோட்டார்சைக்கிள் கண்ணாடியை முன்வைத்து

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். அம்மியின் தரப்பை யாரும் கேட்டதில்லை. பதினாறு அங்குல நீளம், பத்து அங்குல அகலம், நாலு அங்குல உயரம் உள்ள கருங்கல் அம்மி ஏறக்குறைய 28 கிலோ இருக்கும். அது பறக்க வேண்டாம், கிடக்கும் இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகர வேண்டுமென்றாலே மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீச வேண்டும். ஆடி மாதம் முழுக்க முப்பந்தலில் காத்துக் கிடந்தாலும் அப்படியொரு காற்று வராது. ஆகவே அம்மியைப் பொறுத்தவரை பழமொழி தள்ளுபடி ஆகிறது. அதே காற்றுக்கு எதிரே மோட்டார்சைக்கிளில் போகிறவரின் தலை வேறு வழக்கு. அதை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஆய்வுக் களம்: காவல்கிணறில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பி, முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போகும் சாலை. தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்க்குள் நெருக்கியடித்து நுழைந்து கிழக்கே பாயும் வழி அது. அங்கே நிற்கும் காற்றாலைகள் காற்றைப் பார்த்துத் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. அந்த வசதியை மோட்டார்சைக்கிளுக்கு எந்தக் கம்பெனியும் இன்னும் தரவில்லை.

ஆய்வு வேகம்: மணிக்கு 80. நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு 2018இல் வகுத்த உச்சவரம்பு இது. அதற்கு மேற்பட்ட வேகங்களில் என்ன நடக்கும் என்பதை, எல்லாரும் அறிந்திருந்தும், இக்கட்டுரை அறியாது.

80இல் போகும்போது மார்பிலும் தோளிலும் தலையிலும் காற்று வைக்கும் சுமை சுமார் பத்துக் கிலோ. 40இல் அது இரண்டரைக் கிலோதான். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்ற பழைய கணக்கு. இதில் எதிர்க்காற்று 30 சேர்ந்துகொண்டால், ஸ்பீடோமீட்டர் 80 காட்டினாலும் உடம்பு 110இல் போகிறது. சுமை இருபது கிலோவை நெருங்கும். ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் தேநீர் தேவைப்படுவதற்கு இதுவே காரணம். வேறு காரணம் கற்பிப்போர் மறுக்கப்படுவர்.

சுமை மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். பத்துக் கிலோவும் ஒரே சீராக அழுத்தினால் உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்து அதன்மேல் படுத்துக்கொள்ளும்; கைக்குக்கூட அது ஓய்வு. சீரற்றுத் தட்டும் காற்றுதான் வதை. ஹெல்மெட்டை யாரோ இரண்டு பக்கமும் பிடித்து உலுக்குவது போன்ற அந்த உதறலில் தூரத்துப் பெயர்ப்பலகை இரண்டாகத் தெரியும், கழுத்து மரத்துப்போகும், இறங்கிய பிறகும் காதுக்குள் இரைச்சல் நிற்காது. இதில் விசித்திரம் என்னவென்றால், உதறலைப் பற்றிப் புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் காற்றைத் தடுக்கவென்று காசு கொடுத்துக் கண்ணாடி மாட்டியவர்கள்.

இந்த முரணுக்கான விளக்கம் மோட்டார்சைக்கிள் பிறப்பதற்கு முன்பே பாதி கிடைத்துவிட்டது. செக் நாட்டு இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹால் 1878இல், காற்றில் கம்பிகள் பாடுவது ஏன் என்று ஆராய்ந்தார். காற்றின் வேகமும் கம்பியின் தடிமனுமே சுருதியைத் தீர்மானிக்கின்றன என்று கண்டார். 1911-12இல் தியோடர் ஃபான் கார்மான், தடையைக் கடக்கும் காற்று அதன் பின்னால் வலமும் இடமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்த்துக்கொண்டே போவதைக் கணக்கில் நிறுவினார். இரண்டையும் சேர்த்து 40 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடிக்கும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கும் பொருத்திப் பார்த்தால், விநாடிக்குப் பத்துப் பதினொரு ஜோடிச் சுழல் என்று தோராயமாக வருகிறது. கம்பி பாடியது; கண்ணாடி தலையில் தாளம் போடுகிறது. தாளம் தப்பியும் போடும், ஏனென்றால் உண்மையான வண்டியில் ஹெட்லைட், ஃபோர்க், டேங்க், ஓட்டுபவரின் தோள் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சில சுழல்களை அனுப்பிவைக்கும்.

ஆக, கண்ணாடி காற்றை இல்லாமல் ஆக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. மார்பில் வந்து மோதவிருந்த காற்று மேலே ஏறி, கண்ணாடியின் விளிம்பில் கிழிந்து, கலங்கலாகப் பின்னால் போகிறது. அந்தக் கலங்கலுக்கு நடுவில் தலை இருந்தால் உதறல். மேலேயோ கீழேயோ இருந்தால் நிம்மதி. இயல் முழுவதற்கும் இதுவே சூத்திரம், மற்றதெல்லாம் உரை.

உரையில்தான் சமயப் பிளவு. வடகலை தென்கலைச் சண்டை தோற்கும் அளவுக்கு இங்கே கட்சிகள் உண்டு. உயரவாதிகள், தலைக்கு மேல் போகட்டும் காற்று என்பார்கள். குறுமைவாதிகள், ஹெட்லைட்டுக்கு மேல் நாலு விரல் கண்ணாடி போதும், மார்புச் சுமை குறைந்து தலைக்குச் சுத்தமான காற்று வரட்டும் என்பார்கள். மூன்றாவது கட்சி சூனியவாதிகள். கண்ணாடியே வேண்டாம் என்பது அவர்கள் சித்தாந்தம். 2018இல் வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பிறவிச் சூனியவாதி. கம்பெனியிலிருந்து கண்ணாடி இல்லாமலே வெளியே வருகிறது. 2021இல் பஜாஜ் தன் டொமினார் 400க்கு உயரமான வைசரைத் தானே மாட்டி அனுப்பி, உயரவாதத்துக்கு ராஜ மரியாதை செய்தது. உண்மை சூனியவாதிகள் பக்கம் அவர்களே நினைப்பதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கிறது. 80 வரைக்கும் கண்ணாடி இல்லாத வண்டியில் தலைக்குக் கிடைக்கும் காற்று பலமானதே தவிரக் கலங்கியதல்ல. மோசமான கண்ணாடிக்கு இல்லாத கண்ணாடி மேல்.

ஆனால் நீண்ட தூரம் போகிறவர்களை அந்தச் சித்தாந்தம் திருப்திப்படுத்தியதில்லை என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. 1975இல் ஹோண்டா தன் கோல்ட்விங்கை அமெரிக்காவுக்கு மொட்டையாக அனுப்பியது. வாங்கியவர்கள் வண்டியை நேரே ஓட்டிக்கொண்டு போய், கிரெய்க் வெட்டர் என்ற அமெரிக்கர் தயாரித்த விண்ட்ஜாமர் ஃபேரிங்கை, அதாவது முன்புறக் காற்றுக் கவசத்தை, மாட்டிக்கொண்டார்கள். ஐந்து வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹோண்டா, 1980இல் தானே ஃபேரிங் மாட்டிய இன்டர்ஸ்டேட் மாடலைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1976இல், பிஎம்டபிள்யூ தன் ஆர் 100 ஆர்எஸ் வண்டியை இத்தாலியில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, காற்றைக் கேட்டுக் கேட்டு ஃபேரிங் வடித்திருந்தது. காற்றுச் சுரங்க விஷயத்தில் இவர்கள் எல்லாருக்கும் மூத்தவர் மோட்டோ குஸ்ஸி. கோமோ ஏரிக்கரையில் மன்டெல்லோ ஊரில் 1950இலேயே முழு வண்டியும் ஆளும் உட்காரும் அளவுக்குச் சுரங்கம் கட்டிவிட்டார்கள். அங்கே பிறந்தவையும் அவற்றின் சகோதரங்களும், முன்சக்கரத்தையே விழுங்கும் குப்பைத்தொட்டி வடிவ ஃபேரிங்குகள். நேர்க்காற்றில் அபார வேகம். பக்கக்காற்று வந்தால் வண்டி ஓட்டுபவர் பேச்சைக் கேட்காது. சர்வதேச மோட்டார்சைக்கிள் சம்மேளனம் 1957 பந்தயப் பருவத்தோடு அவற்றுக்குத் தடை போட்டது.

பக்கக்காற்று என்றதும் ஒரு கிளைப் பிரச்சினை. கண்ணாடியை எதில் மாட்டுவது? ஹேண்டில்பாரில் கிளாம்ப் போட்டு மாட்டினால் அரை மணி நேர வேலை, செலவும் குறைவு. ஆனால் கண்ணாடியில் விழும் ஒவ்வொரு அடியும் நேரே ஹேண்டிலுக்கு வரும். எதிர்த்திசையில் அரசு விரைவுப் பேருந்து ஒன்று கடக்கும்போது முதலில் ஒரு தள்ளு, அடுத்த கணம் ஓர் உறிஞ்சல்; உயரக் கண்ணாடி ஹேண்டிலில் இருந்தால் இரண்டையும் உள்ளங்கை படித்துவிடும். ஃபிரேமில் மாட்டிய கண்ணாடி அந்த அடியை வண்டி முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுக்கும். ஹார்லி டேவிட்சனிடம் இரண்டு மரபுக்கும் வாரிசு உண்டு: எலக்ட்ரா கிளைடின் வௌவால் சிறகு ஃபேரிங் ஹேண்டிலோடு திரும்பும், ரோட் கிளைடின் ஃபேரிங் ஃபிரேமில் அசையாமல் நிற்கும்.

அதே வௌவால் சிறகில்தான் இந்த இயலின் அழகான சான்றும் கிடைக்கிறது. பல பத்தாண்டுகள் அடைத்தே வைத்திருந்த அந்த ஃபேரிங்கில், 2014ஆம் ஆண்டு மாடல்களுக்கு ஹார்லி ஒரு வாய் வெட்டி, திறந்து மூடக் கதவும் வைத்தது. காற்றைத் தடுக்க வந்த சாமானில் காற்று வர ஓட்டை! காரணம் இதுதான். கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த பள்ளம் உருவாகிறது. விளிம்பைத் தாண்டிய காற்று நேரே போக நினைத்தாலும் அந்தப் பள்ளம் அதைக் கீழே இழுக்கும்; இழுபட்ட காற்று சுருண்டு வந்து தாடையில் மோதும். அடியிலிருந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் பள்ளம் நிரம்பும், மேலே போகும் காற்று தன் வழியில் போகும். உயரம் கூட்டிக் கூட்டிச் சலித்துப்போனவர்கள், ஹெட்லைட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டிப் பார்த்தால் பாதி வியாதி தீரும். கண்ணாடியின் சாய்வையும் கொஞ்சம் மாற்றலாம். காசு செலவில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ உள்ள கடையில் நடக்கும் ஆய்வரங்கு பெரும்பாலும் இப்படி இருக்கும்.

“அண்ணே, என் வண்டியில தலை ரொம்ப உதறுது.”

“பெருசா போடு தம்பி, காத்தே வராது.”

“நான் கொஞ்சம் உயரம்ணே.”

“அப்ப இன்னும் பெருசு போடு.”

கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி ஆளின் உயரம் அல்ல, உட்கார்ந்த பிறகு இடுப்புக்கு மேல் எவ்வளவு என்பது. ஆறடி ஆள் இரண்டு பேரில் ஒருவருக்கு உயரம் காலில் இருக்கும், மற்றவருக்கு முதுகில். ஒருவருக்குச் சொர்க்கமான கண்ணாடி மற்றவருக்குச் சுழல். சீட்டில் ஒரு ஜெல் மெத்தை போட்டாலே கணக்கு மாறிவிடும். ஹெல்மெட்டில் அட்வென்ச்சர் மாடல் அலகு நீட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு கணக்கு. அதனால் பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஆளில்லாத நேரான சாலையில், 60, 70இல், ஃபுட்ரெஸ்ட்டில் மெல்ல எழுந்து நிற்க வேண்டும். எந்த உயரத்தில் உதறல் சட்டென்று நின்று சுத்தமான காற்று முகத்தில் படுகிறதோ, அந்த அளவுக்குக் கண்ணாடி குறைய வேண்டும். மாறாக, குனியும்போது அமைதி வந்தால் அந்த அளவுக்குக் கூட வேண்டும். இன்னும் நுணுக்கம் தேடுவோர் விளிம்பில் நாலைந்து கம்பளி நூல் துண்டுகளை டேப்பால் ஒட்டிவிடலாம். நேராகப் பின்னால் பறக்கும் நூல் நல்ல சேதி. பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றும் நூலுக்குப் பின்னால்தான் தலை இருக்கிறது.

கூட்டுவதற்கும் எல்லை உண்டு. விளிம்பு மூக்கு மட்டத்தில் நிற்க, பார்வை அதற்கு மேலே போக வேண்டும். கண்ணைத் தாண்டி உயர்ந்துவிட்டால், மழையில் வைப்பர் இல்லாத பிளாஸ்டிக்கின் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும். இரவில் எதிர்வரும் லாரியின் ஹைபீம் அதிலுள்ள கீறல் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக உதிக்கும்.

நாம் கண்ணாடி என்றே அழைக்கும் சாமான் எதிலும் கண்ணாடி இல்லை. ஒன்று அக்ரிலிக், இல்லையேல் பாலிகார்பனேட். அக்ரிலிக் சுலபத்தில் கீறாது, ஆனால் அடிபட்டால் உடைந்து சிதறும். பாலிகார்பனேட் சுத்தியலுக்கே அசராது, ஆனால் அழுக்குத் துணியால் துடைத்தாலே கீறும். பூச்சு இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளிக்கும். பெட்ரோல் பட்டால் அதில் நரம்பு நரம்பாக வெடிப்பு ஓடும். போல்ட் கழலாமல் இருக்கத் திருகில் விடும் பிசின் திரவமும் அதே வேலையைச் செய்யும். கெட்டியாக மாட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது போல்ட் துளையைச் சுற்றி விரிசல் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். செத்துக் காய்ந்த பூச்சியைச் சுரண்டக் கூடாது, ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்திவிட்டால் தானாக இளகும்.

இரைச்சலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காதில் 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியாஷின் கணக்கு. அதன்படி 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் அந்த எல்லையைத் தொடுவது அபூர்வமல்ல. கலங்கிய காற்று அதை இன்னும் ஏற்றும். பல ஆயிரம் ரூபாய்க் கண்ணாடி தராத அமைதியைச் சில பத்து ரூபாய் நுரைப் பஞ்சுக் காதடைப்பான் தந்துவிடும். உயரவாதிகள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

பின்னிருக்கை பற்றிய விவாதத்தை, துறையின் வழக்கப்படியே, பின்னால் தள்ளியாகிவிட்டது. பில்லியன் சீட் பெரும்பாலும் ஓட்டுபவரின் சீட்டைவிட உயரம். அவர் தலையைத் தப்பவைத்து மேலே தூக்கிவிட்ட காற்று அடுத்து இறங்கும் இடம் பின்னால் இருப்பவரின் முகம். மதுரையில் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குக் கிளம்பிய தம்பதி ஒன்று கயத்தாறில் டீக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

“எப்படி இருந்துச்சு? எனக்குக் காத்தே தெரியல.”

“தெரியாதுங்க. உங்க காத்தும் சேர்ந்து எனக்குத்தான் வந்துச்சு.”

டீ ஆறுவதற்குள் அலன் கீ வெளியே வரும், கண்ணாடி ஒரு துளை கீழே இறங்கும். மிச்சமிருக்கும் தூரத்துக்கு உதறலை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள்.