செருப்பைக் கழற்றிவிட்டு வேர்ட்ஸ்டார்

கேள்வி: அந்தக் காலத்தில் வேர்ட்ஸ்டார் என்ற வேர்ட் பிராசசிங் மென்பொருளைக் கற்றவர்கள் இன்னமும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வது ஏன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பட்ட பாடு அப்படி! மவுஸ் கிடையாது. கர்சரை நகர்த்தவே கன்ட்ரோலோடு ஈ, எஸ், டி, எக்ஸ். ஒரு பத்தியை இடம் மாற்ற, தொடக்கத்தில் கே-பி, முடிவில் கே-கே, போய்ச் சேரும் இடத்தில் கே-வி. கை தவறி கே-ஒய் தட்டினால் பத்தி பரலோகம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர்கள் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டரைத் தட்டுவார்கள். பிறகு நடுவில் ஒரு சொல்லை நுழைத்தால் போதும், ஆபீஸ் கடிதம் புதுக்கவிதை ஆகிவிடும். கம்ப்யூட்டருக்கு ஏசி, நமக்கு வாசலில் செருப்பைக் கழற்றும் பாக்கியம்.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ புகழ் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், டாஸில் ஓடும் வேர்ட்ஸ்டார் 4.0-இல்தான் எழுதுவதாக 2014-இல் சொன்னார். அடுத்த நாவல் ஏன் இவ்வளவு தாமதம் என்று என்னைக் கேட்காதீர்கள்!