மார்டள்ளியில் பார்க்கத்தக்க தொலைக்காட்சி நிகழ்ச்சிகள்

மார்டள்ளி வீடுகளில் தொலைக்காட்சி இரண்டு மொழிகளில் ஓடுகிறது. காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. மாதேஸ்வரன் மலைப் பக்கம் உள்ள இந்த ஊரும் அதைச் சுற்றிய கொள்ளேகால் வட்டமும் ஒரு காலத்தில் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று வட்டம் மைசூர் மாநிலத்துக்கு, அதாவது இன்றைய கர்நாடகத்துக்குப் போனது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிந்தபோது ஊர் மறுபடியும் இடம் மாறியது. இத்தனை மாற்றத்திலும் ஊர்க்காரர்கள் ஓரடிகூட நகரவில்லை. அவர்கள் பேசும் தமிழும் நகரவில்லை. ஆகவே சென்னைக்காரர் ஒரு சீரியல் பார்க்கும் நேரத்தில் இங்கே இருப்பவருக்கு இரண்டு சீரியல் பார்க்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தாதவர் அபூர்வம்.

முதல் தலைமுறைக்கு எதைப் பார்ப்பது என்பதை மலை தீர்மானித்தது. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இலும் பெங்களூர் தூர்தர்ஷன் 1981 நவம்பர் 1இலும் ஒளிபரப்பைத் தொடங்கின. தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே நிற்பது. இவ்விரண்டுக்கும் நடந்த தகராறில் திரையில் விழுந்தது பெரும்பாலும் புள்ளிதான். ஆன்டெனாவைத் திருப்ப ஒருவர் கூரையிலும், 'வந்துருச்சு, வந்துருச்சு, ஐயோ போயிருச்சு' என்று அறிவிக்க ஒருவர் வாசலிலும் தேவைப்பட்டனர். கூரையில் நின்றவர் அந்த வாரப் படத்தைப் பார்த்ததாகத் தகவல் இல்லை. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் மாதக் கட்டணமில்லாத டிஷ் சேவையைத் தொடங்கியது. அலை வானத்திலிருந்து இறங்க ஆரம்பித்ததும் மலை வழக்கில் தோற்றது.

மலை போன இடத்துக்கு முகவரி வந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் பணம் கட்டலாம். கர்நாடக முகவரிக்குக் கன்னடப் பேக் முதலில் வரும்; தமிழ்ச் சேனல்களைத் தனியே சேர்க்க வேண்டும். மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, கிரிக்கெட்டுக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனால், பணத்தை மிச்சப்படுத்த வந்த விதி பழைய கட்டணத்தைத் தாண்டிவிடும். முகவரியின் விளையாட்டு புதிதும் அல்ல. 2006 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டு அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தபோது, மாநில எல்லையில் உள்ள பாலாறு சோதனைச் சாவடிக்கு அந்தப்பக்கம் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் பெட்டி வந்தது. இந்தப்பக்கம் அந்தச் செய்தி மட்டும் வந்தது.

இனி நிகழ்ச்சிகள். முதலில் செய்தி. காவிரித் தகராறு மூளும் ஆண்டுகளில் மார்டள்ளியைவிடச் செய்தி பார்க்கச் சிறந்த இடம் கிடையாது. கன்னடச் சேனல் கிருஷ்ணராஜ சாகரின் நீர்மட்டத்தைச் சொல்லும். அதன் முழு மட்டம் 124.80 அடி. தமிழ்ச் சேனல் மேட்டூரின் மட்டத்தைச் சொல்லும். அதன் முழு மட்டம் 120 அடி. ஒரு சேனலில் போன தண்ணீருக்குத் துக்கம், அடுத்த சேனலில் வராத தண்ணீருக்குத் துக்கம். இரண்டும் ஒரே தண்ணீர். நடுநிலையான செய்தி வேண்டும் என்பவர் ரிமோட்டை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். ஆற்றின் நடுவில் நிற்கும் பயன் அதிலேயே கிடைக்கும்.

அடுத்தது சீரியல். கன்னடத் திரையுலகம் 1960களிலிருந்தே பிறமொழிப் படைப்புகளைக் கன்னடத்தில் டப்பிங் செய்வதை எதிர்த்துவந்தது. 2015இல் இந்தியப் போட்டி ஆணையம் அந்தத் தடுப்பு செல்லாது என்று சொல்லும்வரை, வெளியூர்க் கதை கன்னடத்துக்கு வர ஒரே வழி புதிய நடிகர்களை வைத்து முதலிலிருந்து எடுப்பதுதான். வழி திறந்த பிறகும் சீரியல்காரர்கள் பழக்கத்தை விடவில்லை. தமிழில் 2018இல் திறந்த 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' கன்னடத்தில் 'வரலட்சுமி ஸ்டோர்ஸ்' ஆனது. கடைப் பலகை மாறியது. அண்ணன் தம்பிகளின் பாசமும் அண்ணியின் தியாகமும் அப்படியே நின்றன. வங்காளத்தில் 2019இல் தொடங்கிய 'ஸ்ரீமொயீ' தமிழில் 'பாக்கியலட்சுமி', கன்னடத்தில் 'இந்தி நிம்ம ஆஷா', தெலுங்கில் 'இன்டின்டி கிருஹலட்சுமி', இந்தியில் 'அனுபமா'. இத்தனை மொழியிலும் கணவனுக்குப் புத்தி வரவில்லை.

இதனால் எல்லையோரப் பார்வையாளருக்கு ஒரு தனித் திறமை வாய்த்திருக்கிறது. ஒரு மொழியில் முன்னே ஓடும் கதையைப் பார்த்தவர், மற்ற மொழியில் பின்னே வருவதை முன்கூட்டியே சொல்லலாம். 'அந்தப் பையன் இவ புள்ளையே இல்ல, பாரு' என்று அவர் சொல்வது ஆறு மாதம் கழித்துப் பலிக்கும். குறி சொல்பவர்களுக்குக்கூட இந்த வசதி இல்லை. புதிய 'மகாபாரதம்' தமிழில் 2013இல் வந்தது. கன்னட டப்பிங் 2020 ஊரடங்கில்தான் வந்தது. குருட்சேத்திரத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பது மார்டள்ளிக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும்.

அறிவு வளர்க்க விரும்புவோர் தூர்தர்ஷன் சந்தனாவின் 'தட் அந்த ஹேளி' வினாடிவினாவைப் பார்க்கலாம். டாக்டர் நா. சோமேஸ்வரா 2002 முதல் நடத்திவரும் இந்நிகழ்ச்சியில் சரியான விடைக்குப் பரிசு புத்தகம். கோடி ரூபாய் பரிசு என்றால் வீடே விடை சொல்லும். புத்தகம் பரிசு என்றதும் வீட்டுப் பிள்ளைகள் விடை தெரிந்தாலும் வாயைத் திறப்பதில்லை. பேட்டியை விரும்புபவர்களுக்கு ஜீ கன்னடாவின் 'வீக்கெண்ட் வித் ரமேஷ்' உண்டு. அதை நடத்திய ரமேஷ் அரவிந்த் கும்பகோணத்தில் பிறந்தவர். 'நம்ம ஆளு' என்று சொல்லி இரண்டு மொழிக்காரரும் பார்க்கலாம். பாட்டுப் போட்டிக்கு எஸ்.பி. பாலசுப்ரமணியம் நடத்திய 'எதெ தும்பி ஹாடுவெனு' இருந்தது. அவர் நடுவர் இருக்கையில் இருந்தவரை எந்த மொழிக்காரரும் அவரை வெளியூர்க்காரர் என்று சொன்னதில்லை.

பண்டிகை நாளுக்குத் தமிழில் பட்டிமன்றம் கட்டாயம். சாலமன் பாப்பையா தீர்ப்புச் சொல்லும்வரை குடும்பத்தில் மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்பது முடிவாகாது. சொன்ன பிறகும் வீட்டில் முடிவாகாது. தீபாவளி தமிழ்ச் சேனலில் ஒரு நாளோடு ஓயும். கன்னடச் சேனலில் பலிபாட்யமி வரை நீளும். கிறிஸ்தவக் குடும்பங்கள் கணிசமாக வாழும் ஊர் என்பதால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவும் பட்டியலில் சேரும். அந்த நாட்களில் மாதா தொலைக்காட்சிக்கு முன் சீரியல் வில்லிகளே வழிவிடுகிறார்கள்.

சொந்தக் காட்டைத் திரையில் பார்ப்பது தனி வகை. சந்தனக் கடத்தல் வீரப்பன் பிறந்த கோபிநத்தம் இதே வட்டாரம். 2000 ஜூலை 30இல் நடிகர் ராஜ்குமார் வீரப்பனால் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்தபோது, இரண்டு மொழிச் செய்திகளும் ஒரே காட்டைக் காட்டின. பிறகு வ. கௌதமன் இயக்கிய 'சந்தனக்காடு' மக்கள் தொலைக்காட்சியில் தொடராக வந்தது. 2023இல் 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' ஆவணத்தொடர் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மற்ற ஊர்களில் இவற்றுக்கு நடிப்பையும் இயக்கத்தையும் வைத்து மதிப்பெண் போடுவார்கள். காட்டோரத்தில் மரத்தை வைத்தும் மதிப்பெண் உண்டு: 'அந்த ஓடைக்கு எதிரே இந்தப் பாறை எங்கே வந்துச்சு?'

கடைசியாக விலங்கு நிகழ்ச்சிகள். தமிழில் பேசும் டிஸ்கவரியை நகரத்துக்காரர்கள் இரவில் சத்தம் கூட்டி வைத்து ரசிப்பார்கள். கேழ்வரகும் மக்காச்சோளமும் விளைந்து நிற்கும் மாதத்தில் காட்டோர வீடுகளுக்கு அது ஒத்துவராது. திரையில் யானை பிளிறும்போது சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வயலில் பிளிறுவது காதில் விழாது. அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் ரீசார்ஜ் தேவையில்லை.