டெல்லி நம்பர் புல்லட்

மதுரையில் பழைய வண்டி வாங்கப் போகிறவன் தனியாகப் போகக் கூடாது. ஒரு மெக்கானிக், வண்டி விஷயம் தெரிந்த ஒரு மாமா, வேலையில்லாமல் கூட வந்த ஒரு நண்பன், இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கும் ஒரு புரோக்கர் என்று படையாகத்தான் போக வேண்டும். மெக்கானிக் சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்து எடுத்து முகர்ந்து பார்ப்பார். மாமா முன்சக்கரத்தைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு "ம்ம்..." என்பார். அந்த "ம்ம்"முக்கு வாங்குகிறவருக்கு ஓர் அர்த்தம், விற்கிறவருக்கு ஓர் அர்த்தம். நண்பன் வண்டிக் கண்ணாடியில் தலை சீவிக்கொள்வான். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பெரிய சடங்கு: ஓட்டிப் பார்ப்பது.

ஓட்டிப் பார்ப்பது என்றால், விற்பவர் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை டீக்கடை வரை. டீக்கடையைத் தாண்டினால் அவர் முகம் மாறிவிடும். நாம் வந்த வண்டியின் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறவே முடியும். இரண்டாவது கியர் விழுவதற்குள் டீக்கடை வந்துவிடும். திரும்புவதற்குள் ஒரு நாய் குறுக்கே வந்துவிடும். இறங்கியதும் எல்லோரும் நம் வாயைப் பார்ப்பார்கள். "பிக்கப் இருக்கு" என்று சொல்ல வேண்டும். வேறு எதையும் சொன்னவரை நான் பார்த்ததில்லை. இந்த ஓட்டத்தில் உருப்படியாகத் தெரிய வருவது ஒன்றே ஒன்று: எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வருகிற ஆள். அதுவும் விற்பவருக்குத்தான் தெரிய வருகிறது.

அதனால், டெல்லி கரோல்பாகில் இருந்த ஒரு வியாபாரியிடம் ஓட்டிப் பார்க்காமலே புல்லட் வாங்கினேன் என்று சொன்னால் ஏன் சிரிக்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. அவர்கள் டீக்கடை வரை போனவர்கள், நான் போகாதவன். நடுவில் இருப்பது ஒரு தெருவின் நீளம்.

நான் தேடியது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட். 346 சிசி, நாலு கியர், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 2010 வாக்கில் கம்பெனி இந்த எஞ்சினுக்கு விடை கொடுத்துவிட்டு, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கிற புது எஞ்சினுக்கு மாறியது. அன்றிலிருந்து நம் ஊரில் பழசுக்குக் கிராக்கி. வைத்திருப்பவரிடம் கேட்டால், "அப்பா ஞாபகமா இருக்கு, குடுக்கிற எண்ணமில்ல" என்பார். நாம் செருப்பை மாட்டும்போது, "சும்மா கேக்குறேன், எவ்வளவு தருவீங்க?" என்பார். அப்பாவின் ஞாபகத்தையும் சேர்த்து விலை சொல்வார்.

டெல்லியில் நிலைமை வேறாக இருந்தது. 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும் அங்கே ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒன்று உடைப்புக்குப் போக வேண்டியிருந்தது, அல்லது என்ஓசி வாங்கிக்கொண்டு வெளிமாநிலத்துக்குப் போக வேண்டியிருந்தது. கரோல்பாக் ஏற்கெனவே பைக்குக்கும் புல்லட் சாமானுக்கும் பேர்போன இடம். கிளம்பச் சொல்லிவிட்ட வண்டிகள் அங்கே வரிசை கட்டி நின்றன.

எனக்கு இதில் ஒரு நியாயமும் தோன்றியது. 1955-இல் திருவொற்றியூரில் ஆரம்பித்த ஆலை அது. அங்கே பிறந்து டெல்லிக்கு வாக்கப்பட்டுப் போன பெண், என் 1993 மாடல் புல்லட். வயதான காலத்தில் புகுந்த வீட்டார், "இனிமே நீ இங்க இருக்கக் கூடாது" என்று கோர்ட் உத்தரவைக் காட்டுகிறார்கள். பிறந்த வீட்டு மனிதன் ஒருவன் கூட்டி வருவதுதானே முறை? கூட்டி வரப் போகிறவன், "எங்க, கொஞ்சம் நடந்து காட்டு" என்றா கேட்பான்?

மனைவியிடம் இதை இப்படியே சொன்னேன். "பிறந்த வீட்டுக்கு வர்றதுக்கு அறுபத்தஞ்சாயிரம் எதுக்கு?" என்றாள்.

வியாபாரியோடு பேசியது தனி அனுபவம். என் இந்தி, தூர்தர்ஷனில் மாநிலச் செய்தி வருவதற்காகக் காத்திருந்த காலத்தில் காதில் விழுந்த இந்தி. அதை வைத்துக்கொண்டு தேசிய ஒருமைப்பாட்டைப் பற்றிப் பேசலாம். கிளட்ச் பிளேட்டைப் பற்றிப் பேச முடியாது. டெல்லியில் வேலை பார்த்துவிட்டு வந்த அலுவலக நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வியாபாரி முதலில் ஒரு டீசல் புல்லட்டைக் காட்டினார். டாரஸ் என்று பெயர், 325 சிசி, குதிரைத்திறன் ஆறரை. அந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினால் பணி ஓய்வுக்குப் பிறகுதான் திரும்பி வர முடியும் என்பதால் வேண்டாம் என்றேன். அடுத்து வந்ததுதான் இது. "ஒரே கை, சார். டாக்டர் வண்டி. ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பார்." பழைய வண்டிச் சந்தையில் டாக்டர்கள் மட்டும்தான் வண்டி வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறது. பிறகு ஆர்சியைப் பார்த்தபோது உரிமையாளர் வரிசை எண் 4 என்று இருந்தது. நாலு டாக்டர்கள். ஒரு சின்ன ஆஸ்பத்திரியே ஓட்டியிருக்கிறது.

வீடியோ அனுப்பினார். வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. நானும் நாலு விஷயம் தெரிந்தவன்தான். சூடான எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும், ராத்திரி முழுக்க நின்ற வண்டியை உதைத்துக் காட்டினால்தான் குட்டு வெளிப்படும். "கோல்ட் ஸ்டார்ட் வேணும்" என்று நண்பர் மூலம் கண்டிப்பாகச் சொன்னேன். மறுநாள் இன்னொரு வீடியோ. ஒரு பையன் எஞ்சின் ஆறிக் கிடக்கிறது என்று காட்டுவதற்காக அதன் விலாவில் உள்ளங்கையை வைத்தான். வைத்த வேகத்தைவிட எடுத்த வேகம் அதிகம். பிறகு உதைத்தான், ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. சத்தம் அருமையாக இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு புல்லட்டும் நின்று உறுமிக்கொண்டிருந்ததால், அந்த அருமையில் என் வண்டியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்க முடியவில்லை.

ஆனால் காகித விஷயத்தில் நான் ஏமாளி கிடையாது. சேசிஸ் நம்பருக்கு மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பச் சொன்னேன். வாகன் தளத்தில் நம்பரைப் போட்டு, கடன் பாக்கி இருக்கிறதா, அபராதம் இருக்கிறதா என்று பார்த்தேன். படிவம் 28, அதாவது என்ஓசி, கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம் என்றேன். படிவம் 29, 30-இல் கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். காகிதத்தில் அந்த வண்டிக்கு ஒரு கீறல் கிடையாது. காகிதத்தை மட்டும் ஓட்ட முடிந்திருந்தால் கன்னியாகுமரி வரை போயிருப்பேன்.

வண்டி சம்பர்க் கிராந்தி ரயிலில் ஏறியது. நிஜாமுதீனிலிருந்து மதுரை, 2,500 கிலோமீட்டருக்கும் மேல். பார்சலில் வண்டி அனுப்ப வேண்டுமென்றால் டேங்கில் சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது. சாக்குச் சுற்றித் தைத்து, அனுப்புகிறவர் பெறுகிறவர் விவரம் எழுதிக் கட்ட வேண்டும். வந்து இறங்கியதைக் காலத்தோடு எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் விழும். வண்டி ஆக்ரா தாண்டுவதற்கு முன்பே நான் ஸ்டேஷனுக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமாவும் வந்தார். ஓட்டிப் பார்க்க அழைக்காத கோபம் இருந்தாலும், வேடிக்கை பார்க்க வராமல் இருக்க அவரால் முடியாது. சாக்கு மூட்டைக்குள்ளிருந்து ஹேண்டில்பார் மட்டும் கொம்பு போல நீட்டிக்கொண்டிருந்தது. மாமா கையில் எலுமிச்சம்பழத்தோடு சுற்றிச் சுற்றி வந்தார். "டயர் எந்தப் பக்கம்டா இருக்கு?"

சாக்கைப் பிரித்து, ஸ்கூட்டரிலிருந்து பிடித்துக் கொண்டுபோன பெட்ரோலை ஊற்றினோம். இனி உதைக்க வேண்டும். பழைய புல்லட்டை உதைப்பதற்கு ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் முள் நடுவுக்கு வரும். அப்போது டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டுவிட்டு ஓங்கி ஓர் உதை. முறை தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்காலில் கட்டோடு திரிந்த புல்லட்காரர்களை ஒரு தலைமுறையே பார்த்திருக்கிறது.

என் வண்டியில் சாவியைத் திருப்பினேன். முள் நடுவிலேயே இருந்தது. கிக்கரை அழுத்தினேன். அப்போதும் நடுவிலேயே இருந்தது. "அட, எப்பவும் ரெடியா இருக்கிற வண்டி மாமா" என்றேன். சட்டை முதுகோடு ஒட்டுகிற வரை உதைத்தேன். பார்சல் இறக்கிய போர்ட்டர் ஒருவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "மெக்கானிக்கு யாரையாச்சும் கூப்பிடுங்க சார், இல்லாட்டி பூசாரிய" என்றார்.

குட்டியானை பிடித்தோம். 160 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பை அதில் ஏற்றியபோது, டிரைவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "அண்ணே, இது ஓடுன வண்டியா, இல்ல ஓடப் போற வண்டியா?"

பட்டறையில் மெக்கானிக் எதையும் கேட்கவில்லை. நேராகப் பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, அளவெடுத்து வெட்டிய தெர்மோகோல் துண்டு ஒன்று சிவனே என்று உட்கார்ந்திருந்தது. வீடியோவில் நடித்த பேட்டரி, அடுத்த வண்டியின் வீடியோவுக்குப் போயிருக்க வேண்டும். மின்சாரமே இல்லாத முள் நடுவை விட்டு எங்கே போகும்? அடுத்து மெக்கானிக் ஒரு காந்தத்தை எடுத்து டேங்கின் இடது பக்கத்தில் வைத்தார். கீழே விழுந்தது. நகர்த்தி வைத்தார், விழுந்தது. "பூராம் பட்டிண்ணே. டேங்கு மாதிரி செஞ்சு வெச்சிருக்கான்." ஸ்பீடாமீட்டருக்குக் கேபிளே இல்லை, அதனால்தான் அத்தனை குறைந்த கிலோமீட்டர். சைலன்சருக்குள் இருக்க வேண்டிய பேஃபிளை உருவியிருந்தார்கள். டேப்பெட் தட்டுகிற சத்தம் அந்தப் பேரிரைச்சலில் அடங்கிப்போயிருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைக்க வைக்க, மாமாவின் முகம் பிரகாசமாகிக்கொண்டே வந்தது.

"ஓட்டிப் பாக்காமயாண்ணே வாங்குனீங்க?" என்றார் மெக்கானிக்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். "தம்பி, நான் டெல்லிக்கு நேர்ல போயிருந்தா பேட்டரி இருந்திருக்குமா, இருந்திருக்காதா?"

"இருந்திருக்கும்."

"வண்டி ஓடியிருக்கும்ல?"

"ஓடியிருக்கும்."

"நான் திரும்பி வந்ததும் கழட்டிட்டு தெர்மோகோல் வெச்சிருப்பான்ல? டெஸ்ட் ரைடு போறவன் எவன் பாக்கெட்ல காந்தம் வெச்சிருக்கான்?"

மெக்கானிக் கொஞ்ச நேரம் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மட்டும், "இதுக்குத்தான் நான் வரணும்ங்கிறது" என்றார். அவரும் காந்தம் வைத்துக்கொள்கிறவர் இல்லை.

பேட்டரி வந்தது, பாயிண்ட் சுத்தம் செய்தாயிற்று, முள் சாயவும் நிமிரவும் கற்றுக்கொண்டது. ஓட்டிப் பார்ப்பது என்கிற வைபவம் ஒருவழியாக நடந்தது, கோரிப்பாளையம் சிக்னலில். நான் வாழ்நாள் முழுக்க வலது காலால் பிரேக் பிடித்தவன். சிவப்பு விழுந்தது, வலது காலை அழுத்தினேன். இந்த வண்டியில் முதல் கியருக்குத்தான் மேலே தூக்க வேண்டும். மீதி மூன்றும் கீழே அழுத்தினால் விழும். நான் நிறுத்தப் பார்க்க, வண்டி அடுத்த கியருக்குப் போயிற்று. பதறி இன்னும் அழுத்தினேன். "ரொம்ப அவசரம் போல" என்று அது இன்னொரு கியரும் போட்டுக்கொடுத்தது. முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவை முன்பிரேக்கும் மீனாட்சியும் சேர்ந்து காப்பாற்றினார்கள். ஆட்டோவின் பின் சீட்டில் இருந்த பாட்டி என்னைப் பார்த்து, "எந்த ஊருப்பா?" என்றார். நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு அவரே, "டெல்லியா, அதான்" என்று முடித்துக்கொண்டார். டிஎல் நம்பரால் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது.

அந்தச் சலுகைக்கும் ஆயுள் குறைவு. வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது நம்பர் வாங்கியாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. ஆயுள் வரி கட்டி, ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியை நிறுத்தினேன். ஆய்வாளர் குனிந்து சேசிஸ் நம்பரைச் சரிபார்த்தார். பென்சிலால் தேய்த்த தாளை எடுத்து நீட்டினேன். இத்தனை ஒழுங்காகக் காகிதம் கொண்டுவந்தவனைப் பார்த்ததில்லை என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியை ஒரு முறை பார்த்தார். இரண்டும் ஒரே ஆளுடையவைதானா என்ற சந்தேகம் அவருக்கு வந்திருக்கலாம்.

இப்போது வண்டி ஓடுகிறது. டேங்கை மாற்றியாயிற்று, காந்தம் ஒட்டுகிறது. மாமா கல்யாண வீடுகளில், "நாங்க டெல்லியில இருந்து ஒண்ணு எறக்குனோம்" என்று பன்மையில் பேச ஆரம்பித்திருக்கிறார்.

போன வாரம் ஆயில் மாற்றப் போனேன். மெக்கானிக் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"அண்ணே, அந்த டெல்லிக்காரரு நம்பரு இருக்கா?"

"எதுக்கு? சண்டை போடவா?"

"இல்லண்ணே... எஸ்டி ரோடுகிங் ஒண்ணு தேடுறேன். மைசூரு கம்பெனிய மூடுனதுல இருந்து நல்ல வண்டி அகப்பட மாட்டேங்குது. அவருகிட்ட கெடக்குதாம்ல, வீடியோ பாத்தேன்."

"நேர்ல போய் ஓட்டிப் பாத்துட்டு வாங்குப்பா."

"பட்டறையப் போட்டுட்டு எங்கண்ணே போறது?" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "சத்தம் நல்லாத்தாண்ணே இருந்துச்சு" என்றார்.

நம்பரைக் கொடுத்தேன். பேட்டரியைத் தனியாக முதலிலேயே வாங்கிவிடச் சொன்னேன்.