தண்ணி வடியட்டும்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் செங்கோட்டைக்காரனுக்குச் சொந்தபந்தம் முளைத்துவிடும். லாட்ஜ் வாடகையைக் கேட்டதுமே எல்லோருக்கும் எங்கள் வீட்டு வழி ஞாபகம் வருகிறது. இந்த சீசனிலும் அப்படித்தான். கட்டில், பாயெல்லாம் பெண்டுபிள்ளைகளுக்குப் போக, எனக்கும் பாளையங்கோட்டைச் சித்தப்பாவுக்கும் மிஞ்சியது சாமான் அறை. கொடியில் அரைகுறையாகப் பிழிந்த துண்டுகள் சொட்ட, கீழே நாங்கள். கரண்டும் போய்விட்டது.

செல்போனில் இறக்கி வைத்திருந்த ‘போரிட்ஜ்’ தொடரைப் போட்டேன். 1974-இல் பி.பி.சி. தொடங்கிய ஜெயில் காமெடி. நிஜச் சிறையில் எடுக்க அனுமதி கிடைக்காமல், ஈலிங் ஸ்டுடியோவின் பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் ஜெயிலைக் கட்டினார்களாம். எங்கள் அறையின் ஈரத்துக்குப் பொருத்தம்தான்.

‘எ நைட் இன்’ என்ற பாகத்தில் கதையே கிடையாது. ராத்திரி அறையைப் பூட்டுகிறார்கள். பழம் தின்று கொட்டை போட்ட ஃப்ளெட்சரும் புதுப்பையன் காட்பரும் விடியும்வரை பேசுகிறார்கள்.

“தப்பிச்சுப் போவமாட்டானாடே?”

“மாட்டான் சித்தப்பா.”

“பொறவு என்னத்தப் பாக்க? ஜெயிலு எங்க ஊருக்காரனுக்குத் தெரியாததா?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ‘மகாநதி’ மாதிரி ஒன்றிரண்டைத் தள்ளினால், நம் சினிமாவில் ஜெயில் என்பது தாடி வளர்க்கும் இடம். மழமழவென்று உள்ளே போகிற நாயகன், பெரிய கதவிலுள்ள சின்னக் கதவு வழியே தாடியோடு குனிந்து வருவார். யார் குறட்டையில் தூங்காமல் கிடந்தார் என்று காட்டமாட்டார்கள்.

“நம்ம கலைவாணரே உள்ள இருந்தவருல்லா!” என்றார் சித்தப்பா. உண்மைதான். 1944 நவம்பரில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை. அடுத்த மாதமே என்.எஸ்.கிருஷ்ணனும் தியாகராஜ பாகவதரும் கைது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல்தான் விடுதலை. வெளியே ‘ஹரிதாஸ்’ தீபாவளிக்குத் தீபாவளி ஓடுகிறது, பாகவதர் உள்ளே. நாட்டையே சிரிக்க வைத்தவர் பூட்டிய அறையில் பக்கத்து ஆளிடம் ராத்திரி என்ன பேசியிருப்பார்? அந்த ஒரு ராத்திரியை நாடகமாகப் போட்டால் நான் முதல் வரிசையில் உட்காருவேன்.

திரையில் காட்பருக்கு மூச்சு முட்டுகிறது. அடைத்துப்போட்டார்கள் என்று நினைக்காதே, இன்றைக்கு வெளியே போக மனமில்லாமல் வீட்டோடு இருக்கிறோம் என்று வைத்துக்கொள் என்கிற மாதிரி ஃப்ளெட்சர் தேற்றுகிறான்.

“வெவரமான பய!” என்று சிரித்த சித்தப்பா, அதன்பின் தன் வரப்புத் தகராறை முன்சீப் கோர்ட்டிலிருந்து ஆரம்பித்தார். முடிக்கும்போது கோழி கூவிற்று.

காலையில் செய்தி வந்தது: மெயின் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை.

“அதுக்கென்ன? பார்டர்ல பரோட்டா தின்னுட்டு, தண்ணி வடிஞ்சதும் குளிச்சிட்டே போறோம். நீ அடுத்த பாகத்த எறக்கி வையிடே.”